முப்பத்தொன்றாவது பூதம்

அக்கா, கருமண்டபம் வர்றதுக்குள்ள உங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறேன். சத்தியமா. ஆனா இப்ப இல்லை. இப்பவே சிரிச்சு முடிச்சிட்டீங்கன்னா மிச்ச தூரத்துக்கு என்ன பண்ணுவீங்க? ஜன்னல் வழியா கருவேல மரம் எண்ணுவீங்க. இந்த ரோட்டுல வேற ஒண்ணும் கிடையாது. அதனால சிரிப்பைக் கடைசிக்கு வச்சிருக்கேன். பொறுமையா கேளுங்க.

முதல்ல ஒரு நன்றி. மணப்பாறையில நான் ஏறினதும் சட்டுனு பையைத் தூக்கி ஜன்னல் சீட்டைக் கொடுத்தீங்க பாருங்க, அதுக்கு. எனக்கு முன்னாடி மூணு பேர் கேட்டும் கொடுக்கலையாமே? கண்டக்டர் புலம்பிட்டுப் போனார். "ஆள் வருது ஆள் வருதுன்னு கையைக் காட்டுது அந்தம்மா. எந்த ஆளு? இது என்ன அவங்க வீட்டு ஊஞ்சலா? உள்ள போ உள்ள போ, படியில நிக்காத!"

எப்படி? குரல் அப்படியே வருதா? திரும்பிப் பார்க்காதீங்க, அவர் முறைக்கிறார்.

உங்களுக்கு வரவேண்டியவங்க வரலை போல. பாவம். எனக்கு அதிர்ஷ்டம். நீங்க அதிகம் பேச மாட்டீங்களோ? தொண்டை கட்டியிருக்கா? பரவாயில்லை, தலையை ஆட்டினாலே போதும். எனக்கு இந்த மாதிரி ஆளுங்கதான் பிடிக்கும். எங்க அம்மா இருக்காங்களே, நான் வாயைத் திறந்தா அவங்க காதைப் பொத்திக்குவாங்க. "ஜெசிந்தா, காலையிலேயே ஆரம்பிக்காத. அடுப்புல பால் இருக்கு." பாலுக்கும் என் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

நான் ஞாயிற்றுக்கிழமையானா இந்தப் பத்து மணி பஸ்ஸுலதான் திருச்சி போவேன். டியூஷன்னு நினைக்கிறீங்களா? வீட்டுலயும் அப்படித்தான் நினைக்கிறாங்க. கருமண்டபத்துல ஒரு மெத்தைக் கடை இருக்கு. இலவம்பஞ்சு மெத்தை. கடைக்காரர் சவரிநாதன் அண்ணன். மாடியில விக்காத மெத்தையெல்லாம் அடுக்கி வச்சிருப்பார். அது மேல உட்கார்ந்து நாங்க அஞ்சாறு பேர் விளையாடுவோம்.

சீட்டு இல்லைக்கா. ஐயய்யோ. அப்படிப் பார்க்காதீங்க.

இது கதை விளையாட்டு. ஒருத்தர் கதை சொல்வார். மத்தவங்க அந்தக் கதைக்குள்ள ஆளா இருப்போம். என் ஆளு பேரு கன்னக்கோல் காத்தாயி. திருடி. மூணு வருஷமா அவளை உயிரோட வச்சிருக்கேன். குகைக்குள்ள போவோம், பூதம் வரும், அடிக்கலாமா ஓடலாமான்னு நாங்க முடிவு பண்ணுவோம். அடி பட்டுதா படலையான்னு பகடை சொல்லும். பகடைன்னா தாயக்கட்டை மாதிரி இல்லை, இருபது மூஞ்சி உள்ளது. மெத்தை மேல உருட்டினா அது உருளாது, அப்படியே அமுங்கிப் படுத்துக்கும். அதனால அண்ணன் ஒரு சட்டம் போட்டிருக்கார். ஆட வர்ற ஒவ்வொருத்தரும் சொந்தமா ஒரு உழக்கு கொண்டு வரணும். அரிசி அளப்போமே, அந்த உழக்குதான். அதுக்குள்ள போட்டுக் குலுக்கணும். என்னோடது பித்தளை. அம்மா ஆறு மாசமா தேடிட்டு இருக்காங்க.

அண்ணன் எங்க எதிர்ல நாற்காலியில உட்காருவார். காலண்டர் அட்டை மூணை ஒட்டித் திரை மாதிரி முன்னாடி நிறுத்தியிருப்பார், அவர் எழுதி வச்சிருக்கிறது எங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு. அந்தத் திரைக்குப் பின்னாலேர்ந்து எல்லாப் பூதத்துக்கும் அவர்தான் பேசுவார். எப்படிப் பேசுவார் தெரியுமா? பூதம், ராஜா, கிழவி எல்லாத்துக்கும் ஒரே குரல். "ம்க்கும். வா... மானிடா. நல்லா... யோசிச்சுக்கோ." பூதமா, மெத்தை விலை சொல்றாரான்னு தெரியாது.

அந்த நாற்காலிதான்கா எனக்கு வேணும்.

சிரிக்காதீங்க. சரி, நீங்க சிரிக்கலை. இது சிரிப்பு இடம் இல்லைதான். நான் பள்ளிக்கூடத்துல ஒரு தடவை பிரேயர் மைக்குல எச்.எம். குரல்ல "இன்று அரைநாள் விடுமுறை"ன்னு சொல்லிட்டேன். பாதிப் பேர் கேட் வரைக்கும் போயிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு வாரம் வெயில்ல நின்னேன். எங்க போனாலும் "வாயை மூடு"தான். வீட்டுல, வகுப்புல, கோயில்ல. உலகத்துல வாயைத் திறக்கிறதே வேலைன்னு இருக்கிற ஒரே இடம் அந்த நாற்காலி. எனக்குக் கொடுத்தா அண்ணன்கிட்ட இருக்கிற முப்பது பூதத்துக்கும் முப்பது குரல் கொடுப்பேன். அண்ணன்கிட்ட எத்தனை தடவை கேட்டிருப்பேன்! "வயசு வரட்டும்"னு சொல்வார்.

பிஸ்கட் எடுத்துக்கோங்க. நமுத்துப் போயிருக்கு, ஆனா பிஸ்கட்தான்.

எங்க விட்டேன்? பூதம். அண்ணன் பள்ளிக்கூடம் படிச்ச காலத்துல, பழைய பேப்பர் கடையில வெளிநாட்டு விதிப் புத்தகம் ஒண்ணு கிடைச்சிருக்கு. அட்டை இல்லாதது. அதைப் பார்த்து ஒரு நீள நோட்டுல சொந்தமா முப்பது பூதம் எழுதி வச்சார். கொள்ளிவாய், மலைவிழுங்கி, கிணத்துமுனி, இப்படி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம். கவசம் எத்தனை, உயிர்ப்புள்ளி எத்தனை, புத்தி எத்தனை, எதுல சாகும். அந்த நோட்டு அவருக்கு உசுரு. போன வருஷம் அவர் தம்பி குவைத்திலேர்ந்து புது விதிப் புத்தகம் வாங்கிட்டு வந்தார். எல்லாரும் புது விதிக்கு மாறிட்டோம். பூதங்க மட்டும் பழைய விதியிலேயே நின்னுட்டுது. அதுகளை மாத்தணும்.

இங்கதான் குணாளன் சார் வர்றார். அவரும் எங்ககூட ஆடுறவர்தான். கூட்டுறவு பேங்க் கிளார்க். "அதாவதும்மா, இதுல ஒண்ணுமே இல்லை. அதாவது, பார்த்து எழுதிட்டா முடிஞ்சுது." மலைவிழுங்கியை முதல்ல எடுத்து, பழைய நோட்டுல இருந்த எண்ணையெல்லாம் அப்படியே புதுத் தாள்ல எழுதி, கீழே 'உண்மை நகல்'னு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அதுல என்ன தப்புன்னு கேட்கிறீங்களா? பழைய விதியில கவச எண் குறையக் குறையத்தான் பலம். புது விதியில எண் கூடக் கூடப் பலம். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். பழசு ரேங்க், புதுசு மார்க். ரேங்க் ஒண்ணுன்னா மிட்டாய் கொடுப்பாங்க. மார்க் ஒண்ணுன்னா அப்பா கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்வாங்க. மலைவிழுங்கிக்கு ரேங்க் ஒண்ணைவிட ஒசத்தி, பூஜ்யம். அந்த எண்ணை மார்க்ல போட்டா பூதத்தோட நிலைமை என்ன ஆகும்?

அண்ணன் அரை மணி நேரம் அதோட வருகையைச் சொல்றார். "ம்க்கும். மலை... அசைகிறது. காடு... நடுங்குகிறது. நல்லா... யோசிச்சுக்கோங்க." நான் உழக்கைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். காத்தாயி கையில வேற ஆயுதம் இல்லை, செருப்பைக் கழட்டி எறிஞ்சா. பட்டுது. இன்னொரு செருப்பு. அதுவும் பட்டுது. குணாளன் சாரோட மந்திரவாதி குடையால குத்தினார். பூதம் செத்துது. இருபது வருஷமா ஒருத்தரும் தொட முடியாத மலைவிழுங்கி, ரெண்டு செருப்பு ஒரு குடையில போச்சு.

நாங்க உருண்டு உருண்டு சிரிச்சோம். அண்ணன் காலண்டர் அட்டையை மடக்கினார். கீழே போய்ப் பஞ்சு அடிக்க ஆரம்பிச்சிட்டார். ரெண்டு ஞாயிறு ஆட்டமே இல்லை.

இல்லைக்கா, இதுவும் சிரிப்பு இல்லை. இது சிரிப்புக்கு முன்கதை. ராம்ஜி நகர் ஸ்டாப் வரட்டும்.

மூணாவது ஞாயிறு அண்ணன் நோட்டை என் மடியில வச்சார். ஏன்னா கணக்குல நான் தொண்ணூத்தாறு. "ம்க்கும். ஜெசிந்தா. முப்பதையும் ஒழுங்கா மாத்திக் கொடு. கடைசி ஆட்டம் இதுகளை வச்சுத்தான். எட்டு தளம். எட்டாவதுலேர்ந்து உயிரோட வெளியே வர்ற கடைசி ஆளு யாரோ, அவங்களுக்கு ஒரு வருஷம் நாற்காலி. நானும் ஒரு வருஷம் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆடிப் பார்க்கிறேன்."

அக்கா, யோசிச்சுப் பாருங்க. பரீட்சை எழுதப் போறவ கையிலேயே கேள்வித்தாளை எழுதச் சொல்லிக் கொடுத்தா அவ என்ன பண்ணுவா?

எண்ணெல்லாம் புதுத் தாள்ல ஒழுங்காத்தான் மாத்தினேன். இருபதுலேர்ந்து கழிச்சா கவசம் வந்துடும். அதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா 'எதுல சாகும்'னு ஒரு வரி இருக்கே? அங்க கை வச்சேன். ஒவ்வொரு பூதத்துக்குள்ளயும் எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரைப் பிடிச்சு அடைச்சேன். அவங்களை எப்படி மடக்குறதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். மத்தவங்க கத்தியால வெட்டிட்டு இருப்பாங்க, நான் ஒரே வார்த்தையில முடிச்சிடுவேன்.

சொல்லட்டுமா? நீங்க யாரோ எவரோ, உங்ககிட்ட சொன்னா என்ன குறைஞ்சிடப் போகுது.

கொள்ளிவாய். அது எங்க பெரியப்பா. சாப்பிட்டதும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, "ஏய், எரியுது, எரியுது!" மோர் கொடுத்தா நெருப்பு அணைஞ்சிடும், படுத்துத் தூங்கிடும். எலும்புக் காவலன், அதோ நிக்கிறாரே கண்டக்டர், அவர்தான். எத்தனை வெட்டினாலும் சாகாது. ஆனா ரெண்டு விசில் அடிச்சா தானா கிளம்பிப் போயிடும். சுடுகாட்டுச் சாம்பலி எங்க பிசிக்ஸ் மிஸ். "லாஸ்ட் பெஞ்ச்! அங்க என்ன சிரிப்பு? எனக்கும் சொல்லு, நானும் சிரிக்கிறேன்." கண்ணால பார்த்தே சாம்பலாக்கிடும். அதுகிட்ட "மிஸ், உங்களை எச்.எம். கூப்பிடுறாங்க"ன்னு சொன்னா போதும், புடவையைச் சரி பண்ணிக்கிட்டு ஓடிடும்.

எழுதுங்க எழுதுங்க, நான் பேசிட்டே இருக்கேன். மளிகை லிஸ்ட்டா? நீங்க பஸ்ஸுலகூட நேரத்தை வீணாக்க மாட்டீங்க. துவரம்பருப்பு மறந்துடாதீங்க.

இதுல கிணத்துமுனிதான் என் தலைசிறந்த படைப்பு. அது குணாளன் சார். கிணத்துக்குள்ளேர்ந்து எழுந்து வந்து, "அதாவது, இப்ப சாப்பாட்டு நேரம். அதாவது, ரெண்டு மணிக்கு மேல வந்து சாகவும்." அதை ஜெயிக்கணும்னா ஒரே படிவத்தை மூணு காப்பி எழுதி நீட்டணும். ஒத்திகை ஆட்டத்துல அண்ணன் இதையெல்லாம் அவரோட குரல்ல, ஒரு எழுத்து மாறாம வாசிக்கிறார். "ம்க்கும். அதாவது... ரெண்டு மணிக்கு மேல... வந்து சாகவும்." குணாளன் சார் பக்கத்துல உட்கார்ந்து பல்லைக் கடிக்கிறார். "அதாவது, என்ன திமிர் பிடிச்ச பூதம் இது! அதாவது, இப்படிப்பட்ட ஆளையெல்லாம் வேலையிலேயே வச்சிருக்கக் கூடாது!"

நான் மெத்தை உறையைக் கடிச்சு அடக்கினேன். உறை கிழிஞ்சுது, பஞ்சு வாய்க்குள்ள போயிட்டுது.

ஒண்ணு மட்டும் நான் கத்துக்கிட்டேன்கா. யாரையும் பார்த்து அப்படியே எழுதி, கண்ணு முன்னாடி நீட்டுங்க. அவங்களுக்கு மட்டும் தெரியவே தெரியாது. மனுஷனுக்குத் தன் மூஞ்சி தெரியாதுங்கிறது உண்மைதான். எனக்கு அதை நினைச்சாலே சிரிப்பா வருது.

அண்ணன் மட்டும் ஆட்டம் முடிஞ்சதும் தலையைச் சொறிஞ்சார். "நோட்டுல நான் இப்படியா எழுதியிருந்தேன்?" நான் மூஞ்சியை மாதா சிலை மாதிரி வச்சுக்கிட்டு, "ஆமாண்ணே, உங்க கையெழுத்துதான்"னு சொன்னேன். என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்படியா. சின்ன வயசுல நல்லாத்தான் எழுதியிருக்கேன் போல"ன்னார். பாவம்கா! நம்பிட்டார்! "அட்டை பிஞ்சிருக்கு, தச்சுத் தர்றேன்"னு நோட்டை வாங்கிட்டுப் போனார். ஒரு வாரம் கழிச்சு மெத்தை தைக்கிற ஊசியில கெட்டியா தச்சுக் கொண்டு வந்து கொடுத்தார். மிச்சத்தையும் முடின்னார்.

முப்பதுன்னு சொன்னார். எண்ணிப் பார்த்தா முப்பத்தொண்ணு. அண்ணனுக்குப் பஞ்சு எடைதான் சரியா வரும், எண்ணிக்கை வராது.

அந்த முப்பத்தொண்ணு இருக்கே, நோட்டுலேயே மொக்கையான பூதம் அதுதான். மத்த பக்கமெல்லாம் மை பழுத்து பிரவுனா இருக்கு. அது மட்டும் பளிச்சுனு நீலம். எழுத்து அழிஞ்சு போச்சுன்னு புதுசா எழுதியிருப்பார் போல. எனக்கு மனப்பாடம், சொல்றேன் கேளுங்க. "குரல்திருடி. கேட்ட குரலெல்லாம் இதன் குரல். இரும்பு வெட்டாது, நெருப்பு சுடாது. வாரத்தில் ஒரு நாள் வழியில் தென்படும். வெல்லும் வழி ஒன்றே: பக்கத்தில் உட்கார். பேசாதே. தலையை மட்டும் ஆட்டு. தன் ரகசியம் முழுவதையும் தானே சொல்லிவிடும். ஒவ்வொரு ரகசியத்துக்கும் உயிர் குறையும்."

இதெல்லாம் ஒரு பூதமா? எந்த மடப் பூதம்கா, பக்கத்துல உட்கார்ந்தவங்ககிட்ட எல்லாத்தையும் கொட்டும்? இதுக்குப் புத்தி பதினெட்டுன்னு போட்டிருந்தார். பதினெட்டுன்னா மகா மேதை! இவ்வளவு வாய் இருக்கிறதுக்கு பதினெட்டு எங்கேர்ந்து வரும்னு நானே அடிச்சிட்டு எட்டாக்கிட்டேன். மாட்டுக்கு ரெண்டு, அதுக்கு மேல கொஞ்சம். பலவீனம் புதுசா எதுவும் வைக்கலை. இருக்கிறதே தாராளமா போதும்.

தண்ணி குடிக்கிறீங்களா? என்ன, புரை ஏறிடுச்சா? தலையில தட்டட்டுமா? இருமல் நின்னுதா? கண்ணெல்லாம் கலங்கிட்டுதே.

இன்னைக்குத்தான் அந்தக் கடைசி ஆட்டம். அதான் நான் இவ்வளவு குஷியா இருக்கேன். ஒரு விசில், ஒரு டம்ளர் மோர், மூணு காப்பி படிவம், எல்லாம் பையில தயார். சாயங்காலம் நாலு மணிக்கு நாற்காலி எனக்கு. முந்தாநாள் அண்ணன் போன் பண்ணினார். "ம்க்கும். பத்து மணி பஸ்ஸுலதானே வர்ற? ஜன்னல் ஓரம் உட்கார்ந்துக்கோ. பத்திரமா வா." என்ன அக்கறை பாருங்க! இந்த மனுஷனையா ஏமாத்துறோம்னு ஒரு நிமிஷம் மனசு கஷ்டமாயிடுச்சு. அப்புறம் சரியாயிடுச்சு.

புதுசா ஒருத்தர் வேற ஆட வர்றாங்களாம். "பேச்சு கம்மி. பயமுறுத்திடாத"ன்னார். பேச்சு கம்மியா! அவங்கதான் முதல் பலி. சாம்பலிகிட்ட முதல்ல அவங்களைத் தள்ளிவிட்டுட்டு, அவங்க திருதிருன்னு முழிக்கிறதைப் பார்த்துட்டு, அப்புறம் நான் மெதுவா, "மிஸ், உங்களை எச்.எம்..." இதுதான்கா! இதுதான் நான் சொன்ன சிரிப்பு! நீங்க கூட இருந்து பார்க்கணும் அந்த மூஞ்சியை!

என்னக்கா, சிரிக்கவே இல்லை? உங்களுக்குப் புரியலையோ என்னவோ. விளையாடினவங்களுக்குத்தான் தெரியும்.

ராம்ஜி நகர் தாண்டிட்டுது. நான் எழுந்திருக்கணும், அடுத்தது கருமண்டபம். கொஞ்சம் காலை ஒதுக்குங்க. நீங்களும் இறங்கணுமா? அட, முன்னாடியே சொல்லக் கூடாதா! மெத்தை ஏதாவது வேணும்னா என் பேரைச் சொல்லுங்க, அண்ணன் குறைச்சுப்...

ஐயோ, பிரேக்! பை! உங்க பை வாய் திறந்துக்கிட்டுச் சரியுது. இருங்க, நான் எடுக்கிறேன். சீட்டுக்கு அடியில போயிட்டுது. கிடைச்சிட்டுது, இந்தாங்க, உங்க...

உழக்கு.

இதை எதுக்கு பஸ்ஸுல... உள்ள என்னமோ கலகலங்குது.

இருபது மூஞ்சி.

அக்கா, அந்த மளிகை லிஸ்ட்டைக் கொஞ்சம் காட்டுங்க. காட்டுங்க, பிடுங்க மாட்டேன். "கொள்ளிவாய் - மோர். எலும்பன் - ரெண்டு விசில். சாம்பலி - எச்.எம். கூப்பிடுறாங்க. முனி - மூணு காப்பி." கையெழுத்து நல்லா இருக்கு. கீழே என்ன இது, கோடு கோடா? நாலு கோடு, குறுக்கே ஒண்ணு. நாலு கோடு, குறுக்கே ஒண்ணு. எதையோ எண்ணியிருக்கீங்க. ஒவ்வொரு ரகசியத்துக்கும் உயிர் குறையும்.

வாரத்தில் ஒரு நாள் வழியில் தென்படும்.

ஜன்னல் ஓரம்.

புத்தி எட்டு. நானே போட்டேன்கா. பதினெட்டு இருந்ததை, நானே, என் கையால அடிச்சு...

சிரிக்கிறீங்க. மணப்பாறையிலேர்ந்து உதட்டைக் கடிச்சு வச்சிருந்து இப்ப சிரிக்கிறீங்க. சிரிங்க. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நல்லா சிரிங்க, நான்தானே வாக்குக் கொடுத்தேன். கண்டக்டர், நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்க? உங்களுக்கு என்ன தெரியும்?

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கக்கா. அண்ணன்தான் உங்களை அனுப்பினாரா? அப்போ நாற்காலி அவ்வளவுதானா?

தலையை ஆட்டாதீங்க. வாயைத் திறந்து சொல்லுங்க.